ஜிந்துப்பிட்டி ஆச்சியும் யப்பானியச் சூடும்



இன்று உங்களை மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னைய யப்பானுக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். ஆனால் பயணத்தை ஜிந்துப்பிட்டியிலே தொடங்க வேண்டியிருக்கிறது.

நான் பாடசாலைச் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஓர் ஆச்சி இருந்தார். எமக்கு உறவு அல்லர், அயலவருக்கெல்லாம் ஆச்சி. மாலை வேளைகளில் புறக்கோட்டையில் மூட்டை சுமந்துவிட்டு வரும் நாட்டாமிமார் அவருடைய திண்ணையிலே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆச்சி ஒரு விரலி மஞ்சளை நல்லெண்ணெயில் தோய்த்து விளக்கிலே காட்டுவார். நுனி கனன்றதும் இடது கையின் இரண்டு விரல்களால் வலிக்கும் இடத்தின் இருபுறத்துத் தோலையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மஞ்சளை ஒரு கணம் ஒற்றி எடுப்பார். பெரும்பாலும் முழங்காற் சில்லுக்குக் கீழே நாலு விரற்கடை தள்ளி, வெளிப்பக்கமாக. ஒரு 'ஸ்' என்ற சத்தம், அவ்வளவுதான். ஆச்சியின் சொந்தக் கால்களிலும் அதே இடத்தில் பயறளவில் வட்டத் தழும்புகள் இருந்தன. காற்றிலே விளக்கு அணையாமல் பிடித்துக்கொண்டிருப்பது என் வேலை. கூலி ஒரு தோடம்பழ இனிப்பு.

பல ஆண்டுகள் கழித்து, தமிழாசிரியனான பின்னர், யப்பானியக் கவிஞர் மட்சுவோ பாஷோவின் புகழ்பெற்ற பயண நூலை ஆங்கில வழியாக வாசித்தேன். 1689ஆம் ஆண்டு அவர் வடநாட்டை நோக்கி நடைப்பயணம் புறப்பட்டார். தொடக்கத்திலேயே புறப்பாட்டு ஆயத்தங்களைச் சொல்கிறார்: கிழிந்த காற்சட்டையைத் தைத்தது, தொப்பிக்குப் புதுக் கயிறு கட்டியது, பின்னர் முழங்காலுக்குக் கீழே சூடு வைத்துக்கொண்டது. அந்த இடத்துக்கு யப்பானியர் 'சன்ரி' என்று பெயரிட்டிருக்கிறார்கள். 'ரி' என்பது அவர்களுடைய பழைய வழியளவை. ஏறக்குறைய நாலு கிலோமீற்றர். அங்கே சூடு வைத்துக்கொண்டால் களைத்த கால் இன்னும் மூன்று 'ரி' நடக்கும் என்று அந்தப் பெயருக்கு மக்கள் விளக்கம் சொல்வார்கள். முழங்காலுக்குக் கீழே, நாலு விரற்கடை, வெளிப்பக்கம்! புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஆச்சியின் திண்ணையை நினைத்துக்கொண்டேன்.

ஆச்சிக்கும் பாஷோவுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. களைத்த கால் எந்த நாட்டிலும் ஒரே இடத்தில்தான் வலிக்கும். என் மனத்தை உறுத்தியது வேறொரு கேள்வி: இத்தகைய கைவித்தை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? யப்பானியச் சூட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தது அதனாற்றான்.

இந்த வைத்தியத்திற்கு யப்பானியர் 'கியூ' என்பர். பேச்சு வழக்கிலே மரியாதை சேர்த்து 'ஒக்யூ'. ஊசி வைத்தியத்தையும் இதனையும் சேர்த்துச் சீன எழுத்தில் எழுதினால் 'ஊசியும் சூடும்' என்றே பொருள்படும். சீனாவிலிருந்து கொரியா வழியாக 6ஆம் நூற்றாண்டளவில் யப்பானுக்கு வந்த கலை இது. எரிக்கப்படும் பொருள் ஒரு பூண்டின் இலையிலிருந்து எடுக்கும் பஞ்சு. மாசிப்பத்திரி என்று நம்மவர் சொல்லும் செடியின் இனம் அது. சிங்களத்தில் இவ்வினத்திற்கு 'வல்கொளொந்து' என்று பெயர். அதற்குள்ளே நம்முடைய 'கொழுந்து' ஒளிந்திருப்பதைத் தமிழ்க் காது கண்டுகொள்ளும்.

இலையை நன்றாக உலர்த்தி, கல் திரிகையில் திரும்பத் திரும்ப அரைத்து, சலித்து, தூற்றி எடுப்பார்கள். இலையின் அடிப்புறத்திலுள்ள நுண்ணிய மயிர் மாத்திரம் மிஞ்சும்வரை இந்த வேலை நடக்கும். முதற்தரப் பஞ்சு வேண்டுமானால் நூறு பங்கு இலையிலிருந்து மூன்று நான்கு பங்கு கிடைப்பதே அரிது. அதன் பெயர் 'மொகுசா' - எரியும் பூண்டு. இபுக்கி மலையின் மொகுசாவுக்குப் பழங்காலத்திலிருந்தே பெயருண்டு. 10ஆம் நூற்றாண்டுக் கவிஞர் புஜிவாரா நொ சனெக்காத்தா, வாய்விட்டுச் சொல்லாத காதலின் கனலுக்கு அதனையே உவமையாக்கினார். சுடர்விடாமல் உள்ளே கனலும் பஞ்சல்லவா? நல்ல உவமைதான்.

அந்தப் பஞ்சை இடது கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உருட்டி, ஓர் அரிசியளவிலோ அரை அரிசியளவிலோ கிள்ளி, தோலிலே நிறுத்தி, ஊதுபத்தியால் நுனியைத் தொடுவார்கள். சில வகையில் முழுவதும் எரிய விடுவார்கள். சில வகையில் வெப்பம் தெரிந்தவுடன் எடுத்துவிடுவார்கள். சொல்வதற்கு மூன்று வசனம் போதும். செய்வதற்கோ, இன்றைய யப்பானில் குறைந்தது மூன்றாண்டுப் படிப்பும் தேசியப் பரீட்சையும் வேண்டும். ஊசிக்கு ஓர் அனுமதிப் பத்திரம், சூட்டுக்கு வேறோர் அனுமதிப் பத்திரம். மாணவர்கள் ஒரே அளவில், ஒரே இறுக்கத்தில் பஞ்சை உருட்டுவதற்கே மாதக்கணக்கில் பழகுகிறார்கள். இறுக்கம் கூடினால் சூடு கூடும். தளர்ந்தால் பொசுக்கென்று எரிந்துவிடும். முதலில் பலகையிலும் காகிதத்திலும் வைத்துப் பழகி, பிறகு தங்கள் கால்களிலேயே வைத்துப் பார்க்கிறார்கள்.

பரீட்சைகள் வருவதற்கு முன்னர் குருவின் பக்கத்தில் இருந்துதான் கற்றார்கள். சவாதா கென் என்றொரு சூட்டு வைத்தியர் இருந்தார். 1877இல் பிறந்து 1938இல் மறைந்தவர். நூல் உயிரற்றது, உடம்பு உயிருள்ளது, நூலைக் கொண்டு உடம்பை வாசிக்கப் பழகவேண்டும் என்பது அவர் கொள்கை. அவரிடம் ஷிரோத்தா புன்ஷி என்ற மாணவர் போனார். காசநோயில் அடிபட்டு எழுந்தவர். குரு நோயாளிக்குச் சூடு வைக்கும்போது அருகே அமர்ந்து, அவர் கைபோகும் இடத்தையும் வாயில் வரும் சொல்லையும் குறித்துக்கொண்டே வந்தார். குரு மறைந்தபின் அந்தக் குறிப்புகளை 1941இல் நூலாக்கினார். 'கேட்டெழுதியது' என்றே அதற்கு அடைபெயர். நம் இறையனார் களவியலுரை பல தலைமுறை வாய்மொழியாக வந்து எழுத்தேறியது என்று வகுப்பிலே சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த ஷிரோத்தாவின் ஞாபகம் வரும். ஒரு வேறுபாடு: இவர் கேட்டதோடு நிற்கவில்லை, கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டவர்கள் கதை இனி வருகிறது. அது ஒல்லாந்தர் கதை. 1656இல் கொழும்பைப் பிடித்த அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிதான், 1641 முதல் நாகசாக்கித் துறையிலுள்ள தெஜிமா என்னும் சின்னஞ்சிறு தீவிலிருந்து யப்பானோடு வாணிகம் செய்தது. வேறு எந்த ஐரோப்பியருக்கும் அங்கே வாசல் திறந்திருக்கவில்லை.

பத்தாவியாவிலே - இன்றைய யக்கார்த்தாவிலே - ஹெர்மன் புஸ்கொஃப் என்ற ஒல்லாந்தப் பாதிரியார் இருந்தார். கீல்வாதத்தால் ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்டவர். கடைசியில் மனைவியின் சொல்லைக் கேட்டு ஆசியப் பெண் வைத்தியர் ஒருவரைக் கூப்பிட்டார். அந்தப் பெண் பாதத்திலும் முழங்காலிலும் சிறுசிறு பஞ்சுக் குவியல்களை வைத்து எரித்தார். வலி தணிந்து பாதிரியார் தூங்கிப்போனார். அந்த வியப்பிலே ஒரு நூல் எழுதி ஒல்லாந்துக்கு அனுப்பினார். அது 1675இல் அம்ஸ்டர்டாமிலும், அடுத்த ஆண்டு ஆங்கிலமாகி லண்டனிலும் வெளிவந்தது. 'மொக்சா' என்ற சொல் ஐரோப்பாவில் பரவியது இந்த நூலினால்தான். மொகுசாவை ஒல்லாந்தர் காது அப்படிக் கேட்டது. பாதிரியார் பெயர் வைத்திய வரலாற்றில் நிலைத்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நூலிலே பெயரில்லை, வெறும் வைத்தியக்காரிதான்.

நூல் பேசப்பட்ட வேகம் வியப்பானது. ஆங்கிலத் தூதுவர் சேர் வில்லியம் டெம்பிள் 1677இல் நைமேகன் சமாதானப் பேச்சிலே இருந்தபோது கீல்வாதம் அவரையும் பிடித்துக்கொண்டது. ஒல்லாந்தப் புலவர் கொன்ஸ்தாந்தைன் ஹைகன்ஸ் புஸ்கொஃபின் நூலைக் கையில் கொடுத்தார். டெம்பிள் கால் பெருவிரல் மூட்டிலே மூன்று முறை மொக்சா எரித்துக்கொண்டு, அந்த அனுபவத்தை ஒரு கட்டுரையாக எழுதினார். அவருடைய கட்டுரைத் தொகுதியிலே அதனை இன்றும் வாசிக்கலாம். கலிவரின் பயணங்களை எழுதிய ஜொனதன் சுவிஃப்ட் பின்னாளில் செயலாளராகப் பணிபுரிந்தது இந்த டெம்பிளிடந்தான்.

வில்லெம் டென் ரைனே என்ற இளம் வைத்தியர் இன்னொரு படி மேலே போனார். 1674 முதல் 1676 வரை தெஜிமாவில் இருந்து ஊசியையும் சூட்டையும் முறையாக அறிய முயன்றார். எப்படி அறிந்தார் தெரியுமா? மூலநூல் சீன மொழியில். இவனாகா என்ற யப்பானிய வைத்தியர் அதனைப் படித்து யப்பானிய மொழியிலே சொல்வார். மொத்தோகி என்ற மொழிபெயர்ப்பாளர் தமக்குத் தெரிந்த அரைகுறை ஒல்லாந்த மொழியிலே அதனைத் திருப்புவார். அதனை டென் ரைனே இலத்தீனிலே எழுதுவார். 1683இல் லண்டனில் அச்சேறிய அந்த நூலில் நான்கு உடற்படங்களும் உண்டு. சீனம், யப்பானியம், ஒல்லாந்தம், இலத்தீன் என நாலு பாத்திரம் மாற்றி ஊற்றிய பால் அது. மொழிபெயர்ப்புப் பாடம் நடத்துபவன் என்ற முறையில் எனக்கு இவர்கள் மூவர்மேலும் இரக்கந்தான். வழியிலே சிந்தியது எவ்வளவு என்று எவரால் அளக்க முடியும்?

இந்த வரிசையில் எங்கெல்பேர்ட் கெம்ப்பரை விட்டுவிட முடியாது. 1690 முதல் 1692 வரை தெஜிமாவில் இருந்த ஜெர்மானியர். ஊர் திரும்பிய பின் 1694இல் லைடன் பல்கலைக்கழகத்திலே வைத்தியப் பட்டத்திற்காகத் தாம் கீழைத்தேயங்களில் கண்ட பத்து விடயங்களைத் தொகுத்துக் கொடுத்தார். அதிலே யப்பானிய ஊசியும் மொக்சாவும் இருக்கின்றன. 'பெரிக்கால்' என்றொரு தலைப்பும் இருக்கிறது! மலையாளக் கரையிலே அவர் கேட்டறிந்த கால் வீக்க நோயின் பெயர். நம்முடைய பெருங்காலுக்கு உடன்பிறப்பு. ஒரு யப்பானியச் சொல்லும் ஒரு திராவிடச் சொல்லும் ஒரே ஆய்வேட்டிலே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. 1712இல் அவர் வெளியிட்ட பெருநூலிலே, உடம்பில் சூடு வைக்கவேண்டிய இடங்களைக் காட்டும் யப்பானியப் படமொன்றும் உண்டு.

நூல் போயிற்று, படம் போயிற்று, பெயரும் போயிற்று. விளைவு என்ன? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெப்போலியனுடைய படைச் சத்திரசிகிச்சை நிபுணர் டொமினிக் லாரே மொக்சாவைப் பெரிதும் கையாண்டார். அவருடைய நூல் 1822இல் ஆங்கிலத்திலும் வந்தது. ஆனால் அவர் எரித்தது மாசிப்பத்திரிப் பஞ்சன்று. துணி சுற்றிய பருத்திப் பஞ்சு, ஓர் அங்குல நீளச் சுருள். அதனைப் பிடிக்க ஓர் உலோகக் கருவி, நெருப்பை மூட்ட ஓர் ஊதுகுழல். அரை அரிசியளவிலே தோலைத் தொட்டுப்போன கனல், அங்கே போய் ஆழப் புண்ணாக்கும் தீயாகிவிட்டது. பெயர் மாத்திரம் அதே மொக்சா. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை என்று நம்மூரில் சொல்வோமே, அதுதான். பின்னர் ஐரோப்பிய வைத்தியர்கள் இதனைக் கைவிட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

யப்பானிலும் இக்கலை இடர்ப்படாமல் இல்லை. 1874இல் அரசு மேலைத்தேய வைத்தியத்தை நாட்டு வைத்தியமாக்கியபோது சூட்டு வைத்தியர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். 1911இல் அனுமதிப்பத்திர ஒழுங்கு வந்தது. யுத்தத்தில் தோற்ற பிறகு, 1947இல், நேசப் படைத் தலைமையகம் ஊசியையும் சூட்டையும் அடியோடு நிறுத்தச் சொன்னது. எதிர்த்து நின்றவர்களுள் கண்பார்வையற்ற வைத்தியர்கள் முன்னணியில் இருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டிலே சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்ற ஊசி வைத்தியர் தொடக்கிவைத்த பள்ளிகளின் வழிவந்தவர்கள் அவர்கள். விரல் நுனியால் கற்று விரல் நுனியால் கற்பித்த பரம்பரை. அந்த ஆண்டு டிசெம்பரில் கலையைக் காக்கும் சட்டம் நிறைவேறியது.

கொழும்புக்குத் திரும்புவோம். யப்பானியச் சூட்டைக் கண்ணால் கண்ட ஒருவர் இந்த நகரத் தெருக்களில் நடந்திருக்கிறார். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் பீற்றர் துன்பேர்க் 1775 ஓகஸ்டிலிருந்து 1776 இறுதிவரை யப்பானில் இருந்தார். அங்கே வைத்தியர்களுக்குப் பாடம் சொன்னார். அவர்களிடமிருந்து தாமும் கேட்டுக்கொண்டார். பின்பு பத்தாவியா வழியாக 1777 நடுப்பகுதியிலே கொழும்பில் வந்திறங்கி, 1778 பெப்ரவரிவரை இலங்கையில் செடிகொடி சேகரித்தார். ஜிந்துப்பிட்டிக்கு அருகே உயர்ந்து நிற்கும் வுல்பெண்டால் ஒல்லாந்தத் தேவாலயம் 1757இலேயே கட்டிமுடிந்துவிட்டது. மேட்டிலே நிற்கும் அந்தக் கட்டடத்தைத் துன்பேர்க் காணாதிருந்திருக்க மாட்டார். இங்கே யாராவது ஒருவர் திண்ணையிலிருந்து காலில் சூடு வைத்துக்கொண்டிருந்ததை அவர் கண்டாரோ என்று நினைப்பது எனக்கொரு பொழுதுபோக்கு.

ஏனெனில் இந்த மண்ணிலே அப்போதும் சூடு இருந்தது. சிங்கள நாட்டு வைத்தியத்தில் ஒரு பிரிவுக்கே 'விதும் பிளிஸ்ஸும்' என்று பெயர். குத்துதலும் சுடுதலும் என்று பொருள். அதற்கென ஏட்டுச்சுவடிகள் இருக்கின்றன. ஊசியும் சூடும் என்ற சீனத் தொடரோடு இதனை ஒப்பிட்டு, அக்குபங்சரே இலங்கையிலிருந்துதான் போனது என்று வாதிப்பவர்களும் உண்டு. பெயர் ஒத்திருப்பது சுவையானது. ஆனால் பெயரை மாத்திரம் வைத்து வரலாறு எழுதலாகாது என்பதற்கு மொக்சாவின் கதையே சாட்சி. சித்த வைத்தியத்தின் 32 புற மருத்துவ முறைகளில் ஒன்று சுட்டிகை. வடமொழிச் சுசுருதத்திலோ தீயிடுவதற்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. தோலளவுக்குத் திப்பிலி, ஆட்டுப் புழுக்கை போன்ற மென்பொருள்கள், தசைக்கு உலோகம் என்று அது பாகுபாடு செய்கிறது. எரிபொருளின் மென்மையை அறிந்திருந்தார்கள் என்பது இதனால் தெரிகிறது. குலசேகர ஆழ்வார் வித்துவக்கோட்டுப் பெருமானைப் பாடும்போது, கத்தியால் அறுத்தும் நெருப்பால் சுட்டும் நோவு தந்த வைத்தியன்மேல் நோயாளி வைக்கும் நீங்காத அன்பைத் தம் பக்திக்கு உவமை சொன்னார். நாள்தோறும் கண்ட காட்சி அல்லாவிட்டால் அது உவமையாகியிராது.

நம் காலத்திலே களுபோவில அரசினர் வைத்தியசாலையில் டொக்டர் அன்ரன் ஜயசூரிய நடத்திவந்த அக்குபங்சர் பிரிவுக்கு வெளிநாட்டு வைத்தியர்கள் வந்து பயின்று போனார்கள். அவர் 2005இல் மறைந்தார். அது சீன முறை. நம் வீட்டுத் திண்ணை முறையைக் கேட்டு எழுத எவரும் வரவில்லை.

யப்பானிய மொழியிலே 'சூடு வைத்தல்' என்றால் கண்டித்துத் திருத்துதல் என்றும் பொருள். குழப்படி செய்யும் பிள்ளையை ஒக்யூ காட்டி வெருட்டுவார்களாம். 'ஒரு சூடு வைத்தால்தான் சரிவரும்' என்று நம் வீடுகளில் கேட்காத பிள்ளை உண்டா? ரோசம் இல்லாதவனைச் சூடு சுரணை அற்றவன் என்கிறோம். இரண்டு மொழியும் ஒரே நெருப்பிலே குளிர் காய்ந்திருக்கின்றன.

நான் வானொலியிலே வைத்தியம் சொல்ல வரவில்லை. செங்கண்மாரி என்றும் தோஷம் என்றும் பச்சைக் குழந்தையின் வயிற்றிலே பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அதனால் நோய் தீர்வதில்லை. புண் பழுத்து உயிருக்கே ஆபத்தாகிறது. அதுவும் சூடு என்ற பெயரிலேதான் நடக்கிறது. ஆச்சி குழந்தைகளைத் தொடமாட்டார். தூக்கிக்கொண்டு வரும் தாய்மாரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி விரட்டுவார். காய்ச்சல்காரருக்கும் வைக்கமாட்டார். அந்தக் கணக்கெல்லாம் அவர் மனத்தில் இருந்தது.

அண்மையில் யப்பானிய முறை பற்றிய விளக்கமொன்றை வாசித்தபோது ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. பஞ்சு எரிந்து அடியை நெருங்கும் தறுவாயில், வைத்தியர் அதன் இருபுறத்துத் தோலையும் விரல்களால் அழுத்திப் பிடிப்பாராம். அவ்வாறு அழுத்தினால் சூட்டின் வேதனை குறைந்து தோன்றுமாம். ஆச்சியின் இடது கை இரண்டு விரல்களும் எதற்கென்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

ஆச்சி 1994இல் காலமானார். அவரிடம் பழகியவர் எவருமில்லை. விளக்குப் பிடித்தவன் என்ற வகையிலே அவருக்கு மிக அருகில் இருந்தவன் நான்தான். மஞ்சளை எவ்வளவு நேரம் ஒற்றினார், எந்தக் குறியைக் கண்டு எடுத்தார், ஆளுக்காள் இடத்தை எப்படி மாற்றினார் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அந்த நேரத்திலெல்லாம் நான் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தேன், அணைந்துவிடக் கூடாதே என்று.